கண்ணில்லாதவரோடு வியாபாரம்

பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்தில் கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்குப் பார்வையற்ற வாடிக்கையாளர் புதியவரல்லர். 1951-இல் தொடங்கப்பெற்ற மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இருக்கிறது. வெள்ளைக் கோலூன்றி ஒருவர் கடையேறி வந்தால் துணியின் நிறம் இது, விலை இவ்வளவு என்று வாய்விட்டுச் சொல்லுகிறோம். கையில் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொல்லுகிறோம். இதற்காக எவரும் நம்மைப் புகழ்வதில்லை. அது வியாபார மரியாதை.

அதே கடையை இணையதளத்தில் திறக்கும்போது மட்டும் அந்த வாய் அடைத்துப் போவானேன்?

பார்வையற்றோர் தம் கணினியிலும் கைப்பேசியிலும் திரைவாசிப்பான் என்னும் மென்பொருளை வைத்திருக்கிறார்கள். அது திரையிலுள்ள எழுத்தைக் குரலாக்கிச் சொல்லும். பெருநாள் தள்ளுபடி, விலை, அளவு யாவற்றையும் ஒரே விளம்பரப் படமாக்கி ஏற்றிவிட்டு, அதற்கு விவரம் எழுதாமல் விட்டால், "படம்" என்று சொல்லிவிட்டு அப்பால் போய்விடும். பெயரிடாத பொத்தான் வெறும் "பொத்தான்" என்றே கேட்கும். எதை அழுத்துகிறோம் என்று தெரியாமல் எவர் பணம் கட்டுவார்?

பிக்ஹு நூல்களில் இவ்விஷயம் பழையது. பார்வையற்றவர் தாமே கொள்முதல் செய்வதை ஷாபியீ மத்ஹபு பொதுவாக ஏற்பதில்லை. பார்வையுள்ள வகீலை அமர்த்தச் சொல்லுகிறது. ஹனபி மத்ஹபோ கூடும் என்கிறது. பொருளை அறிந்தபின் வேண்டாமென்று விடும் உரிமையையும் கொடுக்கிறது. தொட்டோ, முகர்ந்தோ, சுவைத்தோ அவர் அறியலாம். நிலத்தை அப்படி அறிய முடியாதே. ஆகவே அதை விவரித்துச் சொல்ல வேண்டும். இரு சாராரின் கவலையும் ஒன்றே: அறியாமல் எவரும் வாங்கிவிடக் கூடாது.

நான் பத்வா சொல்ல வரவில்லை. ஆனால் இணையக் கடையில் தொடவும் முகரவும் வழியில்லை. எஞ்சி நிற்பது விவரிப்பு ஒன்றுதான். அதையும் எழுதாமல் விடுவதை விற்பனையிலுள்ள குறையென்றே கருதுகிறேன். 2008-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டமும் தகவலையும் தொழில்நுட்பத்தையும் அணுகுவது அவர்களுடைய உரிமை என்கிறது.

"அப்படி எத்தனை பேர் வாங்கிவிடப் போகிறார்கள்?" என்பார் சிலர். குறைஷித் தலைவர்களோடு நாயகம் (ஸல்) அவர்கள் பேசிக்கொண்டிருந்த வேளையில், பார்வையற்ற ஸஹாபி அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் அறிவு தேடி வந்தார்கள். பெருந்தலைகள் ஒருபுறம், ஒற்றை மனிதர் மறுபுறம். இறைவசனம் யாருக்காகப் பரிந்து இறங்கிற்று என்பது 'அபஸ' அத்தியாயம் ஓதும் மதரஸாப் பிள்ளைகளுக்கும் தெரியும். தலையை எண்ணுவது வியாபாரிக்குப் பழக்கந்தான். இங்கே அந்தக் கணக்கு செல்லாது.

செலவும் பெரிதன்று. தளம் அமைப்பவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் வேலை குறைவு. கட்டி முடித்த வீட்டை இடித்துக் கதவு வைப்பதுதான் சிரமம். படத்துக்கு விவரம், பொத்தானுக்குப் பெயர், விலை எழுத்தாக, சுட்டெலி இல்லாமல் விசைப்பலகையாலேயே இயங்கும் ஏற்பாடு, இவ்வளவையும் கேளுங்கள். மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலியர் 2006-இல் தொடங்கிய என்விடிஏ என்னும் திரைவாசிப்பான் இலவசமாகவே கிடைக்கிறது. கிள்ளானில் கடை வைத்திருப்பவரானாலும் மஸ்ஜித் இந்தியாவில் வைத்திருப்பவரானாலும், கணினித் திரையை அணைத்துவிட்டு, அதன் குரலை மட்டும் கேட்டு, தம் கடையிலேயே ஒரு கைலி வாங்கிப் பார்க்கட்டும்.