கருணையா, கடனா?

கண்ணாடித் தொட்டியில் வளரும் முருகைக்கல்லைப் பலர் வெறும் கல்லென்றே எண்ணுகிறார்கள். அது நூற்றுக்கணக்கான சிற்றுயிர்களின் குடியிருப்பு. பக்கத்துப் பாறை சரிந்து உராய்ந்தால் மெல்லிய சதை கிழிந்து, வெள்ளைச் சுண்ணாம்புக்கூடு வெளியே தெரியும்.

தூக்கிப் பார்க்கவும் இடம் மாற்றவும் கை துடிக்கும். அதற்கு வேண்டியதோ வேறு: 25, 26 பாகை செல்சியஸ் வெப்பம், ஒரு கிலோ நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு, அளவான ஒளி, மெல்லிய நீரோட்டம், இவை நாளுக்கு நாள் மாறாதிருத்தல். வெறுங்கூட்டில் பாசி முந்திக்கொள்ளாவிட்டால், உயிருள்ள விளிம்பிலிருந்து சதை மெல்ல நகர்ந்து காயத்தை மூடும். வாரங்கள் ஆகும், சிலவேளை மாதங்கள்.

இந்தப் பராமரிப்பைக் கருணை என்று சொல்லலாமா? கடலில் இருக்கவேண்டிய உயிரைக் கண்ணுக்கு அழகென்று அறைக்குள் வைத்தவர் மனிதர். பண்ணையில் வெட்டி வளர்த்த துண்டானாலும், அதன் ஒளியும் நீரோட்டமும் மனிதர் போடும் ஆளியில்தான். மின்சாரம் நின்றால் அதற்குப் போக்கிடமில்லை. அப்படியானால் இது கடன்.

கருணை காட்டுபவர் நன்றியை எதிர்பார்ப்பார். கடனைத் திருப்புபவர் எதிர்பார்க்க முடியாது. வந்த நாடுகளில் நன்றி சொல்லிச் சொல்லியே களைத்த எங்களுக்கு இந்த வேறுபாடு புதிதல்ல. காயம் ஆறியதோடு கடன் தீர்வதுமில்லை. நாளைக்கும் உப்பை அளந்து பார்க்கவேண்டும்.