சக்கரம் விலகக் கூடாத பாதை

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், கன்யன்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவுக்குள், ஒயிட் ரிம் என்றொரு மண்பாதை இருக்கிறது. நீளம் சுமார் 160 கிலோமீட்டர். மேலே மேட்டு நிலம்; கீழே கிரீன், கொலராடோ என்ற இரண்டு ஆறுகள் அறுத்த பள்ளத்தாக்குகள்; நடுவே வெள்ளை மணற்பாறைத் தட்டொன்றின் மேல் இந்தப் பாதை சுற்றிச் செல்கிறது. ஃபோர் வீல் டிரைவ் வண்டியாக இருக்க வேண்டும். அடிப்பாகம் தரையில் இடிக்காத உயரமும் வேண்டும். வழியில் பெட்ரோல் கிடையாது, குடிநீர் கிடையாது, கடை கிடையாது. தண்ணீர் கேன்களை டிரக்கில் ஏற்றிக்கொண்டு, இரண்டு மூன்று நாள் ஓட்டி, இரவில் கூடாரம் போட்டுத் தங்குகிறார்கள்.

பயணிகளுக்காகப் போட்ட பாதையல்ல இது. 1950களில், அணுகுண்டுக்கு யுரேனியம் தேடி அலைந்த காலத்தில் வெட்டியது. எதிர்பார்த்த அளவுக்கு யுரேனியம் இங்கே அகப்படவில்லை. தேடியவர்கள் போய்விட்டார்கள், பாதை தங்கிவிட்டது. பூங்கா வந்தது 1964இல். இன்று நாம் ரசித்து ஓட்டுகிற வழி, ஒரு பேராசை விட்டுப்போன தழும்பு. அதை ஆற்ற நம்மால் முடியாது. பக்கத்தில் இன்னொன்றை உண்டாக்காமல் இருக்க முடியும். அங்கே போகிறவர் கடமை அதுதான் என்பேன்.

பாதையோரம் குனிந்து பார்த்தால் மண்ணின் மேல் கருகினாற்போல ஓர் அடை தெரியும். விரல்நுனி உயரத்துக்குச் சின்னச் சின்ன முகடுகள், இடையிடையே பாசி, லைக்கன். வெறும் அழுக்கு மண் என்று தாண்டிப் போய்விடலாம். அது உயிர். கண்ணுக்குத் தெரியாத நீலப்பச்சைப் பாசிகள் இழை விட்டு மணலைப் பிணைத்து, காற்று வாரிப் போகாமல், மழை அரிக்காமல் காக்கின்றன. காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்த்துச் செடிகளுக்கு ஊட்டுகின்றன. ஒரு டயர் ஏறினால் நொறுங்கிவிடும். பழையபடி வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். அதற்குள் அந்தத் தடத்தைப் பார்த்து அடுத்தவர் வண்டியை இறக்குவார். அவரைப் பார்த்து இன்னொருவர். முதலில் இறக்கியவர் தம்மால் வந்த வினையைப் பார்க்க அங்கே இருக்க மாட்டார்.

மேற்குப் பக்கம் பாதை கிரீன் ஆற்றங்கரைக்கு இறங்குகிறது. 1869இல் ஜான் வெஸ்லி பவல் படகுகளில் ஆராய்ந்து சென்ற ஆறு இது. ஆற்று நீரில் வண்டல் அதிகம். வாளியில் மொண்டு வைத்து, மண் அடியில் படியும்வரை பொறுத்திருந்து, பிறகுதான் வடிகட்ட வேண்டும். அவசரப்பட்டால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

கரையில் காட்டன்வுட் மரங்கள். காய்ந்த கிளைகள் காலடியிலேயே கிடக்கும். பாலைவன இரவு நன்றாகக் குளிரும். ஆனால் இந்த முகாம்களில் விறகுத் தீ மூட்டக் கூடாது. காவலர் யாரும் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. மூட்டினால் கேட்க ஆளில்லை. ஒரு மனிதரின் ஒழுக்கம் எவ்வளவு என்பது அந்த நேரத்தில் தெரிந்துவிடும். ஊரில் நாம் ஒழுங்காக நடப்பதில் பாதிக்கு மேல் நாலு பேர் பார்க்கிறார்கள் என்பதால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. கிளை கிடந்த இடத்திலேயே மட்கட்டும் என்று விட்டுவிட்டு, கம்பளியை இழுத்துப் போர்த்துக்கொள்பவரை யாரும் பாராட்டப் போவதில்லை. அவர் செய்தது நல்ல காரியம்.

இந்தப் பாதையில் வண்டி ஓட்டவே பெர்மிட் வேண்டும். தங்குவதென்றால் ஒரு முகாமுக்கு 15 பேர், 3 வண்டி என்று வரம்பு. கேட்ட தேதி பலருக்குக் கிடைப்பதில்லை, கோபம் வருகிறது. பக்கத்திலுள்ள ஆர்ச்சஸ் பூங்காவில் காவலராக இருந்த எழுத்தாளர் எட்வர்ட் அபி, தேசியப் பூங்காக்களுக்குள் கார்களே கூடாது என்று 1968இல் எழுதினார். அவ்வளவு தூரம் என்னால் போக முடியவில்லை. முழங்கால் தேய்ந்தவருக்கும் அந்த ஆற்றங்கரை இரவு கிடைக்க வேண்டும்; வண்டி இல்லாமல் அவருக்கு அது கிடைக்காது. ஆனால் வண்டியை அனுமதித்தால் வரம்பையும் ஒப்புக்கொண்டே தீர வேண்டும். இன்று நமக்குக் கிடைக்கிற அமைதி, இடம் கிடைக்காமல் வீட்டில் இருந்துவிட்ட யாரோ ஒருவர் தந்தது.

ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது நம் மலைச் சாலைகளிலும் உள்ள விதிதான். ஒயிட் ரிம்மில் செங்குத்தான ஏற்றங்கள் உண்டு. ஒரு வண்டி மட்டுமே போகும் அகலம். எதிரே டிரக் வந்தால் ஓரத்து மண்ணில் ஒரு சக்கரத்தை இறக்கி ஒதுங்கிவிடலாம் என்று கை தானாகத் திரும்பும். தயவுசெய்து திருப்பாதீர்கள். விலகுவதற்கு இடம் வரும்வரை, எவ்வளவு தூரமானாலும், வண்டியைப் பின்னால் எடுங்கள்.