யாருடைய வழக்கறிஞர்?

மாமாவின் பெயரில் ஒரு வழக்கு நடந்து முடிந்தது. அவர் ஒருநாள்கூட நீதிமன்றப் படி ஏறவில்லை.

சாலைச் சந்திப்பில் வலப்பக்கம் திரும்பும்போது எதிரே வந்த மோட்டார் அவருடைய காரில் மோதியது. மோட்டாரோட்டிக்குக் கால் முறிந்தது. பிறகு சம்மன் வந்தது. மாமா அதை இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் ஒப்படைத்தார். அவர்கள் ஒரு வழக்கறிஞரை நியமித்தார்கள். கடைசியில் சமரசம்: தவறில் 70 விழுக்காடு மாமாவுடையது, 30 விழுக்காடு எதிராளியுடையது. இழப்பீட்டை நிறுவனமே கட்டியது. மாமாவின் 55 விழுக்காடு என்.சி.டி. சலுகை பூஜ்யமானது.

"காசு போனா போவுதுடா. நான் சிக்னல் போட்டு, நின்னு பாத்துட்டுதான் திரும்பினேன். என் பேருல தப்ப ஒத்துக்கிறதுக்கு முன்னால என்னை ஒரு வார்த்த கேட்டாங்களா?"

சட்டப்படி இதில் மோசடி எதுவும் இல்லை. 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் மூன்றாம் தரப்புக் காப்பீட்டைக் கட்டாயமாக்குகிறது. தீர்ப்புத் தொகையை நிறுவனம்தான் கட்டவேண்டும். பணம் கட்டுகிறவரே வழக்கை நடத்தலாம், சமரசமும் பேசலாம் என்று பாலிசியில் எழுதியிருக்கும். நாம் யாரும் படிக்காத பக்கம் அது.

அந்த வழக்கறிஞரின் இடத்தில் நின்று யோசித்துப் பார்க்கிறேன். மாமா அவரிடம் வாழ்நாளில் ஒருமுறை வருகிற ஆள். நிறுவனமோ கோப்பு மேல் கோப்பாக அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அவர் கெட்டவராக இருக்கத் தேவையில்லை. சாட்சி இல்லாத வழக்கை இழுத்தடிப்பதைவிட 70-க்கு 30 என்று முடிப்பது கணக்குக்குச் சரியாக வரும். யாருடைய கணக்குக்கு என்பதுதான் கேள்வி.

ஐரோப்பாவில் இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஜெர்மனி, ஆஸ்திரியா, நெதர்லாந்து போன்ற நாடுகளில் வழக்குச் செலவுக்கென்றே மக்கள் தனிக் காப்பீடு வாங்குகிறார்கள். வழக்குக்குப் போகும்போது உங்கள் வழக்கறிஞரை நீங்களே தேர்ந்தெடுக்கலாம் என்று 1987இல் ஓர் ஐரோப்பிய நெறியாணை உறுதி சொன்னது. ஆஸ்திரியாவில் ஒரே நிகழ்வால் பலர் பாதிக்கப்பட்டபோது, எல்லோருக்கும் வழக்கறிஞரைத் தானே தேர்வு செய்வேன் என்றது ஒரு நிறுவனம். கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தது. வேலைநீக்கம் செய்யப்பட்ட நெதர்லாந்துக்காரர் ஒருவர் விஷயத்தில், எங்கள் சம்பள வழக்கறிஞரே போதும் என்ற வாதத்தையும் 2013 நவம்பரில் நிராகரித்தது.

அடுத்த மாதமே ஜெர்மனியின் கூட்டாட்சி நீதிமன்றம் வேறொன்றைச் சொன்னது. நிறுவனம் பரிந்துரைக்கும் வழக்கறிஞரிடம் போகிறவர்களுக்குப் பணச் சலுகை தரலாம். இறுதித் தேர்வு வாடிக்கையாளரின் கையில் இருந்தால் சரி. ஆக, உரிமை இருக்கிறது, ஆனால் அதைப் பயன்படுத்தினால் கொஞ்சம் செலவாகும். கையில் காசு குறைந்தவர் எந்தப் பக்கம் போவார் என்று சொல்லவேண்டியதில்லை.

இதனால் காப்பீடே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கோர்ட்டுக்குப் போனால் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடும் என்று பயந்தே எத்தனையோ அநியாயங்களை விழுங்கியவர்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். மாமாவுக்கும் காப்பீடு இல்லையென்றால் அந்த இழப்பீட்டைக் கட்ட வீட்டை விற்றிருக்கவேண்டும். கால் உடைந்த அந்தப் பையனுக்கும் பணம் கிடைத்திருக்காது.

ஆனால் வழக்கில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று பணம். இன்னொன்று, என்ன நடந்தது என்ற கதை. பணத்தின் சுமையை நிறுவனம் ஏற்றுக்கொண்டது, அதற்கு மாமா பிரீமியம் கட்டினார். கதையை அவர் யாருக்கும் விற்கவில்லை. சமரசமே கூடாது என்பதல்ல என் வாதம். "ஐயா, உங்கள் பேரில் இப்படி முடிக்கப்போகிறோம், காரணம் இது" என்று வழக்கறிஞர் ஒரு போன் செய்திருக்கலாம். மாமா திட்டியிருப்பார். பத்து நிமிடம் சத்தம் போட்டுவிட்டு, ஒருவேளை, சரி என்றும் சொல்லியிருப்பார்.

அந்தப் பத்து நிமிடத்துக்கு எந்தக் கட்டணப் பட்டியலிலும் இடமில்லை. ஆனால் அதற்குப் பெயர்தான் வழக்காடுதல் என்று நான் நினைக்கிறேன். அது இல்லாதபோது நடப்பது கோப்பு மூடுதல் மட்டும்தான்.