பஜ்ஜி

திருவள்ளூர் லோக்கல் ஆவடியைத் தாண்டும்போதெல்லாம் காலேஜ் நாளின் ஒரு மத்தியானம் ஞாபகம் வரும். நான் பி.காம். ஆனால் ஆங்கிலத் துறையில் இலக்கிய மன்ற விழா என்றால் ஆஜர். டீயும் பஜ்ஜியும் உண்டே!

அன்று பெஞ்சு தூக்கிப் போட்டு மைக் கட்டியவன், தமிழ் மீடியத்திலிருந்து வந்த பையன். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுபவர். நன்றியுரை அவனுக்கு. 'சீஃப் கெஸ்ட்' என்பதை 'சீஃப் குவெஸ்ட்' என்று படித்துவிட்டான். ஹாலே சிரித்தது. வாத்தியார்களும். நானும். பாதியில் இறங்கி, டீ கப் பொறுக்கப் போய்விட்டான்.

சிரிப்பு தானாக வருவது, அதில் என்ன குற்றம் என்று கேட்பீர்கள். சரி. ஆனால் டெபிட்டில் போட வேண்டியதை நான் கிரெடிட்டில் போட்டபோது எங்கள் துறையில் யாரும் சிரிக்கவில்லையே? திருத்தினார்கள், அவ்வளவுதான். அப்படியானால் அன்று நாங்கள் சிரித்தது தப்பைப் பார்த்தா, அவன் அப்பாவைப் பார்த்தா?

இத்தனைக்கும் ஆக்ஸ்ஃபோர்டிலேயே ஆங்கில இலக்கியம் தனிப் படிப்பானது 1894-ல்தான். அதற்கு வெகுகாலம் முன்பே இந்தியாவில் அதைப் பாடமாக்கிவிட்டார்கள் என்று 1989-ல் வந்த தன் புத்தகத்தில் எழுதுகிறார் கௌரி விஸ்வநாதன். அவ்வளவு பழைய படிப்பு! 'பரவால்லப்பா, மேல படி' என்று சொல்லத்தான் ஹாலில் ஆள் இல்லை.

நான் சொல்லியிருக்கலாம். வாயில் பஜ்ஜி இருந்தது.