பார்த்துச் செய்

அதிகாரம் உள்ளவர்கள் தமிழில் மிகவும் விரும்பிச் சொல்லும் வாக்கியம் எது என்று என்னைக் கேட்டால், 'பார்த்துச் செய்' என்பதுதான் என்பேன். வீட்டுப் பெரியவரும் சொல்லுகிறார். ஆபீஸ் மானேஜரும் சொல்லுகிறார். காரியம் கைகூடினால், 'நான்தானே செய்யச் சொன்னேன்' என்று மார்தட்டிக்கொள்ளலாம். கெட்டுப்போனாலோ, 'பார்க்கச் சொன்னேனே, பார்த்தாயா?' என்று கேட்டுவிடலாம்.

தெளிவாகப் பேசுவதை நாம் ஒரு சாமர்த்தியமாகவே எண்ணிப் பழகிவிட்டோம். எனக்கென்னவோ அது தர்மத்தோடு சம்பந்தப்பட்ட விஷயமாகத் தோன்றுகிறது. மங்கலாகச் சொல்லுகிறவர் ஒருவர். அதற்கு விலை கொடுக்கிறவர் வேறொருவர்.

1854 அக்டோபர் 25ஆம் தேதி, கிரிமியாவில் பாலக்ளாவாப் போர். பிரிட்டிஷ் சேனாதிபதி ராக்லன் பிரபு ஓர் உயர்ந்த குன்றின்மேல் இருந்தார். அன்று காலையில் ரஷ்யர்கள் மேட்டு நிலத்தில் கைப்பற்றிய பீரங்கிகளை இழுத்துப்போக ஆயத்தமாவதுபோல் அவருக்குப் பட்டது. குதிரைப்படை விரைந்து முன்னேறி, எதிரி பீரங்கிகளைக் கொண்டுபோகாமல் தடுக்கவேண்டும் என்று சீட்டு எழுதச் செய்து அனுப்பினார். எந்தப் பீரங்கிகள் என்று சீட்டில் இல்லை. மேலே இருந்தவருக்கு அதில் சந்தேகமே எழவில்லை; கண்ணெதிரே தெரிகின்றனவே! கீழே பள்ளத்தாக்கில் இருந்த லூகன் பிரபுவின் கண்ணுக்கு அவை தெரியவில்லை. அவர் அறிந்தவை, ஒரு மைலுக்கு அப்பால் பள்ளத்தாக்கின் கோடியில் ரஷ்யப் படையோடு நின்ற பீரங்கிகள்தாம்.

சீட்டைக் கொண்டுவந்த காப்டன் நோலனிடம் லூகன் கேட்கத்தான் செய்தார். நோலன் அலட்சியமாகக் கையை வீசி, 'அதோ' என்று காட்டினாராம். அதற்குமேல் லூகன் கேட்கவில்லை. லைட் பிரிகேடை நடத்தவேண்டிய கார்டிகன் பிரபு, முன்னும் பக்கங்களிலும் பீரங்கிகள் இருப்பதைச் சுட்டிக்காட்டினார். உத்தரவு உத்தரவுதான் என்று பதில் வந்தது. (இருவரும் மைத்துனர்கள், ஒருவரை ஒருவர் கண்டால் ஆகாது. குடும்பத்துப் பகை எங்கெல்லாம் வந்து சேர்ந்துகொள்கிறது, பாருங்கள்!) சுமார் 670 பேர் புறப்பட்டார்கள். நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். நோலன் தொடக்கத்திலேயே விழுந்துவிட்டார். எந்தப் பீரங்கியைக் காட்டினார் என்று அவரைக் கேட்க வழியில்லை.

டென்னிஸன் இதைப் பாட்டாக்கினார். கேள்வி கேளாத கீழ்ப்படிதலைக் கொண்டாடும் அந்தப் பாட்டை நம் பிள்ளைகளும் நெட்டுருப் போட்டிருக்கிறார்கள். எனக்கு அந்தப் பாட்டின்மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு. கேள்வி கேட்கப்பட்டதே! அதற்குப் பதிலாக ஒரு கை வீசப்பட்டது, அவ்வளவுதான்.

வள்ளுவர் 'சொல்வன்மை'யை அமைச்சனைப் பற்றிய பகுதியில் வைத்தார். அரசனைப் பற்றிச் சொல்லும்போதோ, அவன் காண்பதற்கு எளியவனாக இருக்கவேண்டும், காதுக்குக் கசப்பான சொல்லையும் பொறுக்கவேண்டும் என்கிறார். தலைவனின் தெளிவு அவன் வாயில் மட்டும் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை. 'எனக்கு விளங்கவில்லை, ஐயா' என்று எதிரே நிற்பவன் பயமில்லாமல் சொல்ல முடிகிறதா என்பதைப் பார்த்தால் போதும். அப்படிச் சொல்பவனை மந்தபுத்திக்காரன் என்று சிரிக்கிற இடத்தில், எல்லாரும் விளங்கியதாகத் தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டலைத் தம் தெளிவுக்குக் கிடைத்த பாராட்டு என்று நம்பும் பெரிய மனிதர்களும் உண்டு.

பிற்பாடு பிரபுக்கள் சபையில் லூகன் தம் கட்சியைச் சொன்னார். நாசம் நேர்ந்தபின் ராக்லன் தம்மிடம் என்ன சொன்னார் என்பதும் அதில் வருகிறது: இவ்வளவு பெரிய பதவியில் இருப்பவர் சொந்த யோசனையை உபயோகித்திருக்க வேண்டாமா, அந்தத் தாக்குதல் சரியில்லை என்று பட்டால் நிறுத்தியிருக்க வேண்டாமா என்று கேட்டாராம். நம் ஊர் வாக்கியம் இங்கிலீஷிலும் இருக்கத்தான் இருக்கிறது. 1855இல் லூகனை ஊருக்குத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். ராக்லனுக்கு அதற்கு முன்பே, 1854 நவம்பரில், பீல்டு மார்ஷல் பதவி கிடைத்திருந்தது.