ஆதாரத்தைப் பார்த்து மனை வாங்குங்கள்
எல்லைக்கு அந்தப்பக்கம், கேரளத்துக் குன்னத்துகாலில் முதல்முறையாக மனை வாங்க வருபவர்கள் சென்ட் விலையையும் பஸ் வசதியையும்தான் முதலில் விசாரிக்கிறார்கள். இருக்கட்டும். ஆனால் ஆதாரத்திலும் (அதாவது பத்திரத்தில்) வில்லேஜ் ஆபீஸ் பதிவேட்டிலும் ‘புரையிடம்’ (வீட்டுமனை) என்றிருக்கிறதா, ‘நிலம்’ என்றிருக்கிறதா? ‘நிலம்’ என்றால் வயல். இன்று அங்கே வாழை நிற்கலாம், மண்ணடித்து மேடாக்கியிருக்கலாம். கேரளத்தின் 2008 நெல்வயல் பாதுகாப்புச் சட்டப்படி பெரும்பாலும் அனுமதியில்லாமல் அங்கே வீடு எழும்பாது. கிருஷி பவனில் (வேளாண் அலுவலகம்) நெல்வயல்களைப் பட்டியலிடும் டேட்டா பேங்கையும் ஒருதரம் பார்த்துவிடுங்கள். எல்லைக்கு இந்தப்பக்கம் பட்டாவும் வில்லங்கமும் பார்த்தே பழகிய நம்மவர்கள் சறுக்குவது இங்கேதான். அப்புறம் கிணறு. மழைக்காலத்தில் எட்டிப் பார்த்து மகிழ வேண்டாம். கோடையில் தண்ணீர் எதுவரை இறங்கும் என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் கேளுங்கள். தரகர் அதைச் சொல்லமாட்டார்.