வேரைப் பார்த்தல்

புனேயின் கராடியில் ஐ.டி. அலுவலகங்களைச் சுற்றி அடுக்குமாடிகள். பால்கனிதோறும் துளசித் தொட்டி. சில தொட்டிகளில் இலை வெளுக்கும். நண்பகலில் வாடிய செடி மாலையில் நிமிரும். தண்ணீர் போதவில்லை என்று மேலும் ஊற்றுகிறோம். எங்கள் துளசியைப் பிடுங்கிப் பார்த்தேன். வேரெங்கும் முடிச்சுகள்.

*

வேர்முடிச்சு நூற்புழு. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. வேர்நுனியருகே ஊசிவாயால் துளைத்து நுழையும். உள்ளே ஓரிடத்தில் அமர்ந்துவிட்டால் பெண்புழு பிறகு நகர்வதில்லை. அதன் உமிழ்நீர் பட்ட செல்கள் பிரியாமல் வீங்குகின்றன. ஒரே செல்லுக்குள் பல உட்கருக்கள். செடி தன் உணவை அங்கே அனுப்பிக்கொண்டே இருக்கிறது. இவற்றில் மிகப் பரவலான மெலாய்டோகைனி இன்காக்னிட்டாவுக்கு ஆண் துணையும் தேவையில்லை. ஒரு பெண் சில நூறு முட்டைகளைப் பிசின்பொதிக்குள் இடும். நம் வெப்பத்தில் ஒரு தலைமுறைக்கு ஏறத்தாழ ஒரு மாதம்.

செடியைக் கொல்ல அதற்கு விருப்பமில்லை. வேர் உயிரோடிருந்தால்தான் அதற்கும் சோறு. இந்தப் பொறுமைதான் என்னை அச்சுறுத்துகிறது.

*

1901இல் நீலகிரியின் தேவாலாத் தேயிலையில் வேர்முடிச்சு நூற்புழுவைக் கண்டு எழுதியவர் சி.ஏ. பார்பர். பின்னாளில் கோவையில் கரும்பு இனவிருத்தியைத் தொடங்கிவைத்தவரும் அவர்தான்.

*

சேலம் பக்கத்து மூலிகையான மருந்துக் கூர்க்கனை அடிக்கடி நினைக்கிறேன். அதன் கிழங்குவேரிலுள்ள ஃபோர்ஸ்கோலினை 1970களில் பிரித்தெடுத்தது மும்பை முலுண்டில் இருந்த ஹெக்ஸ்ட் ஆய்வகம். அதே பொருளை லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையமும் தனியே கண்டெடுத்தது. கண் அழுத்த நோய்க்கும் பயன்படும் மருந்து அது. மூலிகை நிறுவனங்கள் ஒப்பந்தம் போட, சேலத்து வயல்களில் கூர்க்கன் பரவியது. கூடவே நூற்புழுவும். அது துளைத்த வழியே வேரழுகல் பூஞ்சை புகுந்துவிட்டால், விற்க வேண்டிய கிழங்கே மண்ணுக்குள் அழுகிப்போகும். நட்டு ஐந்தாறு மாதம் காத்திருந்தவருக்குக் கிடைப்பது அதுதான்.

நெல்லிலோ பருத்தியிலோ குருணை மருந்தைத் தூவிவிட்டு நகரலாம் என்பார்கள். கூர்க்கனில் வேர்தான் மருந்து. வேருக்கு இட்ட நஞ்சு நோயாளியின் உடலுக்குப் போகக்கூடும். மூலிகைப் பயிரில் அதை நான் ஒப்பமாட்டேன். வேப்பம்புண்ணாக்கு, முட்டைகளைத் தின்னும் பர்ப்பூரியோசிலியம் பூஞ்சை, கோடையில் ஈரமண்ணைப் பாலித்தீன் தாளால் மூடி வெயிலில் வேகவைப்பது: எல்லாமே மெதுவான வழிகள். புழு முற்றாக ஒழியாது, குறையும்.

*

தசராவுக்குப் புனே தெருக்களில் குவியும் செண்டுமல்லி, பூவுக்காக மட்டும் பயிராவதல்ல. அதன் வேரிலுள்ள டெர்தைனில் என்ற பொருள் நூற்புழுவுக்கு ஆகாது. கூர்க்கனோடு ஊடுபயிராகவோ, அதற்கு முந்தைய போகத்திலோ செண்டுமல்லி போடலாம். பூ விற்ற காசும் மிஞ்சும்.

*

நர்சரியில் துளசியோ அசுவகந்தாவோ வாங்குகிறவர்கள் பையை மெல்லக் கழற்றி வேரைப் பாருங்கள். முடிச்சிருந்தால் வாங்காதீர்கள். வீட்டில் அப்படி ஒன்று செத்துப்போனால், அதன் மண்ணை அடுத்த தொட்டியில் கொட்டாதீர்கள்.